கேளாமல் வைத்தவள்

தீவுப் பகுதிக்குப் புதிதாக வேலைக்கு வருகிற மருத்துவ மாதுப் பிள்ளைகளே, ஊசி, குளிசை, கருப்பைக்குள் வைக்கிற லூப் எல்லாம் உங்களுக்கு வகுப்பில் படிப்பித்திருப்பார்கள். அதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது சந்தேகத்தைப் பற்றி. வள்ளத்தால் இறங்கிக் கரையில் கால் வைத்த நேரத்திலிருந்து, மிஸ்ஸி மிஸ்ஸி என்று கூப்பிட்டபடியே சனம் உங்களைச் சந்தேகிக்கும். யாருடைய படலையில் உங்கள் குடை சாத்தியிருக்கிறது, எந்த வீட்டில் கதிரையில் இருந்து கதைத்தீர்கள், எந்த வீட்டில் நின்றபடி கதைத்தீர்கள், எல்லாவற்றுக்கும் ஊரில் கணக்கு இருக்கும். இரும்புக் குளிசை விழுங்கினால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று அதைக் கோழிக்குப் போட்ட வீடு எனக்குத் தெரியும். கோழி நல்லாய்த்தான் இருந்தது.

சிரிக்கிறதென்றால் சிரித்துவிட்டு யோசியுங்கள். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனத்துக்கு முன்னால் வெள்ளை உடுப்போடு போய் நின்று, இனிப் பிள்ளை வேண்டாமென்றால் அதற்கு வழி இருக்கிறது என்று சொல்கிறவளை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? "எங்கட சனத்தைக் குறைக்கத்தானே உங்களை அனுப்பியிருக்கினம்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நானும் குறைந்தவள் இல்லை, பதிலுக்குச் சந்தேகிக்கிறவள். காரணமில்லாமல் ஒருத்தி விடியக் காலமை எனக்கு மீன் கொண்டுவந்து தந்தால், பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் என்ன ஊசி போட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மீனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நல்ல பாரை மீனென்றால் கொஞ்சம் மனவருத்தத்தோடு கொடுப்பேன்.

இனிக் கதைக்கு வருகிறேன். எழுவைதீவைப் போல வள்ளத்தை விட்டால் வேறு போக்குவரத்து இல்லாத ஒரு சின்ன இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு றீற்றா என்று நானே ஒரு பெயர் வைக்கிறேன். கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம். இரண்டும் பெண் பிள்ளைகள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மூச்செடுக்க ஏலாமல், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அவளைச் சாவின் வாசலில் இருந்து இழுத்தெடுத்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு பழுது. இன்னொரு பிள்ளையை இந்த இருதயம் தாங்காது என்று டொக்டர்மார் அவளுக்கும் சொன்னார்கள், அவள் புருஷனுக்கும் சொன்னார்கள்.

அவன் நம்பவில்லை. "தண்ணிக் குடம் தூக்கிறாள், வலை இழுக்கிறாள், இவளுக்கென்ன இருதய வருத்தம்? டொக்டர்மார் சும்மா பயப்படுத்துறாங்கள்" என்றான். அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறான், அடுத்தது பொடியன்தான், தொழிலுக்குத் தன்னோடு கடலில் நிற்க ஒரு பொடியன் வேண்டும். கூடாதவன் என்று சொல்ல மாட்டேன். குடிக்கிறவனில்லை. மனிசியில் விருப்பம் உள்ளவன். தான் அவளைச் சாகவிடப் பார்க்கிறான் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

பிள்ளைக்குப் பல்லுக் காட்ட வேண்டும் என்று சாட்டுச் சொல்லிவிட்டு ஒருநாள் றீற்றா வள்ளம் ஏறி எங்கள் ஊர்காவற்றுறைக் கிளினிக்குக்கு வந்தாள்.

"மிஸ்ஸி, வெளியிலை தெரியாததாய் எனக்கு ஒண்டு வேணும்" என்றாள். "குளிசை எண்டால் மாமி அலுமாரியைக் கிண்டுவா. ஊசி எண்டால் ஏன் அடிக்கடி வள்ளம் ஏறுறாய் எண்டு கேப்பினம்."

டொக்டர் எல்லாம் விளங்கப்படுத்தினார். அவள் யோசித்துச் சம்மதித்துக் கையொப்பம் வைத்தாள். மேற்கையின் உட்பக்கத்தில், தோலுக்கு அடியில், கருத்தங்காமல் தடுக்கிற, தீக்குச்சி அளவான இரண்டு மெல்லிய குச்சிகளை டொக்டர் வைத்தார். ஐந்து வருடத்துக்குப் பயமில்லை. கண்ணுக்குத் தெரியாது. கை வைத்துத் தடவிப் பார்த்தால் மட்டும் தட்டுப்படும். அவளுடைய கையை யார் தடவிப் பார்க்கப்போகிறார்கள் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். எங்கள் ஊர்ப் பழக்கம் தெரிந்திருந்தும் நாங்கள் விட்ட பிழை அது. நோவுக்குத் தேய்க்க வீட்டுக்கு வீடு நோவெண்ணெய்ப் போத்தல் இருக்கிற தேசத்தில் அல்லவா இருக்கிறோம்!

கிணற்றடியில் வழுக்கி விழுந்து றீற்றாவுக்குத் தோள்மூட்டு நொந்துபோனது. மாமியார் நோவெண்ணெயைச் சூடுகாட்டி, தோளிலிருந்து முழங்கை வரை உருவி உருவித் தேய்த்திருக்கிறார். விரலில் குச்சி தட்டுப்பட்டது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிற நாள் என்று வழமை போல வள்ளத்தில் போய் இறங்கினேன். இறங்குதுறையில் நின்றவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வள்ளம் ஓட்டுகிறவர் கயிற்றைக் கட்டுகிற சாட்டில் என் பக்கத்தில் குனிந்தார்.

"மிஸ்ஸி, இப்பிடியே திரும்பி வாறது நல்லம். றீற்றாவின்ர கையிலை நீங்கள் கேளாமல் தோலுக்குள்ளை என்னவோ தாட்டுப்போட்டியளாம். ஊர் முழுக்க அதுதான் கதை."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுறது? அவளே சொன்னவளாம். சத்து ஊசி எண்டு சொல்லி வைச்சவ, எனக்கொண்டும் தெரியாது எண்டு."

அடி விசரி, உனக்காகத்தானே இவ்வளவும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டு அடுத்த வள்ளத்தில் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கோபம் வந்தால் நடந்துகொண்டிருப்பதுதான் என் வழக்கம். நடந்தேன்.

நிறை பார்க்கிற இடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. கூரை வளையில் கட்டிய தராசு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு வழமையான ஒழுங்கில் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டையும் தவறவிடவில்லை, ஒரு வீட்டிலும் படலை திறக்கவில்லை. றீற்றா வீட்டுப் படலையில் அவள் மாமியார் நின்றார்.

"இஞ்ச உங்களுக்கென்ன அலுவல்?" என்றார். "போதும், நீங்கள் செய்த உபகாரம்."

அவருக்குப் பின்னால் குசினி வாசலில் றீற்றா நின்றாள். பேயறைந்த முகம். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம், சொல்லிப்போடாதேங்கோ என்று. அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. மாமியாரின் விரலில் குச்சி தட்டுப்பட்டபோது அவளுக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்திருக்கிறது. ஒன்று, தானே கேட்டு வைப்பித்ததாகச் சொல்லி அந்த வீட்டில் துரோகியாவது. மற்றது, பழியை என் தலையில் போடுவது. கிட்ட நின்று அடிக்க முடியாத தூரத்தில் இருந்தவள் நான். என்னைத் தெரிந்தெடுத்தாள். கோபம் போகவில்லை. ஆனால் கணக்கு விளங்கியது.

கடற்றொழிலாளர் சங்க மண்டபத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மண்டபம் நிறைய ஆம்பிளைகள். யன்னலுக்கு வெளியே பொம்பிளைகள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்திருந்தது. றீற்றாவின் புருஷன் எழுந்து நின்றான். எப்போதும் என்னை நீங்கள் என்று கதைக்கிறவன், அன்று நீர் என்று இறங்கினான்.

"என்ர மனிசியின்ர கையிலை என்னத்தை வைச்சனீர்? உம்மட மகளுக்கு இப்பிடிச் செய்வீரோ?"

சங்கத் தலைவர் அவனை இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். மரியாதையான மனிதர். "மிஸ்ஸி, வேற கதை வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. கேட்டு வைச்சதோ, கேளாமல் வைச்சதோ? கேட்டு வைச்சதெண்டால் சொல்லுங்கோ, இதோட விடுவம்."

பாருங்கள், எவ்வளவு லேசான கேள்வி! கேட்டு வைத்தது என்று இரண்டு சொல் சொன்னால் நான் தப்பினேன். என் வேலை தப்பியது, கிளினிக் தப்பியது, அடுத்த கிழமை தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகள்கூடத் தப்பின. ஆனால் குச்சி அன்று பின்னேரமே வெளியே வந்துவிடும். அடுத்த வருடம் றீற்றா சவப்பெட்டிக்குள் போவாள். கேளாமல் வைத்தது என்று ஒத்துக்கொண்டால் வீட்டாரின் கோபத்திலிருந்து அவள் தப்புவாள், ஆனால் எனக்குப் பிறகு வருகிற எந்த மருத்துவ மாதுவையும் அந்தத் தீவுப் பெண்கள் கிட்ட அண்ட விடமாட்டார்கள். அதோடு அது பொய்.

குடையைச் சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்தேன்.

"ஐயா, நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றேன். "கேட்டதெண்டும் சொல்லமாட்டன், கேளாததெண்டும் சொல்லமாட்டன். இந்தப் பிள்ளை கிளினிக்குக்கு வந்ததெண்டும் சொல்லமாட்டன், வரேல்லை எண்டும் சொல்லமாட்டன். உங்களுக்குச் சந்தேகமெண்டால் மேலிடத்துக்கு எழுதுங்கோ, விசாரிக்கட்டும். ஆனால் இந்த மண்டபத்திலை நிண்டு ஒரு பொம்பிளையின்ர உடம்பைப் பற்றி நான் வாய் திறந்தால், நாளைக்கு உங்கட வீட்டுப் பொம்பிளையளைப் பற்றியும் இதே மண்டபத்திலை திறப்பன். எத்தினை வருசமாய் உங்கட வீடுகளுக்கு வாறன்? எனக்கு என்னென்ன தெரியும் எண்டு ஒருக்கால் நினைச்சுப் பாருங்கோ. பேந்து சொல்லுங்கோ, நான் கதைக்கிறதோ, கதையாமல் விடுறதோ?"

ஒவ்வொருவருடைய முகமும் உள்ளுக்குத் திரும்பியதைப் பார்த்தேன். இதுவரை என்னைச் சந்தேகித்தவர்கள் தங்கள் தங்கள் வீட்டைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் வெற்றிலை துப்ப எழும்பிப் போனார், திரும்பி வரவில்லை. தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய வீட்டு விஷயமும் ஒன்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியத் தேவையில்லை.

"சரி, வள்ளத்துக்கு நேரமாச்சு" என்றார் தலைவர்.

வென்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சனம் வாயைத்தான் மூடியது, படலையைத் திறக்கவில்லை. கதை போன் வைபரில் பாரிசுக்கும் கனடாவுக்கும் போய் வளர்ந்து திரும்பி வந்தது. குச்சி கம்பியாகியது, கம்பி ஏதோ மெஷினாகியது. தடுப்பூசிக்கு நாள் தவறிய குழந்தைகளை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டொக்டர் இளம் பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பொறுமையிழந்துவிட்டார்.

"அக்கா, அவவின்ர கையொப்பம் எங்களிட்டை இருக்கு. தலைவருக்குக் காட்டினால் ஒரு நிமிசத்திலை முடிஞ்சிடும்."

"எங்களுக்கு முடியும், டொக்டர். அவளுக்குத் தொடங்கும்" என்றேன்.

முதலில் திரும்பி வந்தது, நீங்கள் நம்பமாட்டீர்கள், தலைவருடைய மருமகள்தான். பிள்ளையைத் தராசில் போட்டுவிட்டு என் காதுக்குள் சொன்னாள்: "அண்டைக்கு யன்னலடியிலை நிண்டனாங்கள், மிஸ்ஸி. இந்த மனிசி அடிச்சாலும் வாய் திறக்காது எண்டு எங்களுக்குத் தெரிஞ்சிட்டுது." அவளுக்குப் பிறகு ஒன்றிரண்டாக வந்தார்கள். என்னை நல்லவள் என்று நம்பி வரவில்லை. கேளாமல் குச்சி வைக்கிறவள், ஆனால் வாய் இறுக்கமானவள் என்று கணக்குப் போட்டு வந்தார்கள். அதுவும் ஒரு வகை நம்பிக்கைதான், என்ன செய்வது!

அடுத்த முறை டொக்டர் தீவுக்கு வந்து கிளினிக் வைத்த நாளில், றீற்றாவைக் கையில் பிடித்துக்கொண்டு மாமியார் வந்தார். "வைச்ச ஆக்களே எடுத்துவிடுங்கோ. மகன் சொல்லிவிட்டவன்" என்றார். மாமியாரை வெளியே இருத்திவிட்டு மறைப்புத் துணியை இழுத்தேன். உள்ளே டொக்டர், நான், றீற்றா. றீற்றா என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"மிஸ்ஸி, என்னை மன்னியுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வாயிலை வரேல்லை."

"அதை விடும். இப்ப எடுக்கிறதோ, விடுறதோ? அதைச் சொல்லும்."

"எடுத்தால் நான் செத்துப்போவன். எடாமல் வீட்டை போகேலாது."

டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஒரு பிளாஸ்ரரை ஒட்டிவிடுவமே? எடுத்தாச்சு எண்டு நினைப்பினம்."

றீற்றாவின் முகம் மலர்ந்தது. கையை நீட்டினாள். டொக்டரில் பிழையில்லை, இரக்கத்தில் சொன்னார். எனக்கும் ஆசை வந்தது. ஒரு துண்டு பிளாஸ்ரர், ஒரு உயிர். ஆனால் சந்தேகப் புத்தி என்னை விடவில்லை. அடுத்த முறை தோள் நொந்தால்? அதே நோவெண்ணெய், அதே விரல். அன்றைக்கு இந்த ஊர் எங்களைப் பற்றி இதுவரை சொன்ன பொய்யெல்லாம் உண்மையாகிவிடும். கேளாமல் வைக்கிறவர்கள், எடுக்காமல் எடுத்தோம் என்கிறவர்கள். சனம் எங்களைச் சந்தேகிக்கலாம், அது சனத்தின் பாடு. அந்தச் சந்தேகம் பொய்யாக இருக்கிறவரைக்கும்தான் நாங்கள் நிமிர்ந்து நடக்கலாம்.

"நான் ஒட்ட விடமாட்டன்" என்றேன். "இருக்கிறதெண்டால் அது உம்மட விருப்பம், எடுக்கிறதெண்டாலும் உம்மட விருப்பம். வெளியிலை ஆர் கேட்டாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் பொய்க்குத் துணை நிக்கமாட்டன்."

றீற்றா கையை இழுத்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது. "நீங்கள் உங்கட பேரைத்தான் காப்பாத்துறியள், மிஸ்ஸி" என்றாள். "என்னையில்லை."

அவள் சொன்னது சரியா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். இன்றைக்கும் முழுதாக இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் எதையும் எடுக்கச் சொல்லாமலே சட்டைக் கையை இறக்கிவிட்டு வெளியே போனாள். "முடிஞ்சுதோ?" என்று மாமியார் கேட்டது என் காதில் விழுந்தது. றீற்றா பதில் சொன்னது கேட்கவில்லை.

பின்னேர வள்ளத்துக்கு நானும் டொக்டரும் இறங்குதுறைக்கு வந்தோம். வள்ளம் வருகிற நேரமென்றால் பாதி ஊர் அங்கேதான் நிற்கும். சாமான் இறக்குகிறவர்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள், சும்மா வேடிக்கையும் விடுப்பும் பார்க்கிறவர்கள். றீற்றாவின் புருஷன் வலையை உதறிக்கொண்டிருந்தவன் எங்களைக் கண்டதும் வந்தான். கொஞ்சம் தள்ளி மாமியாரும் றீற்றாவும் நின்றார்கள்.

"எடுத்தாச்சோ, மிஸ்ஸி?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டான்.

டொக்டர் என்னைப் பார்த்தார்.

"உங்கட மனிசி அந்தா நிக்கிறா. அவவைக் கேளுங்கோ" என்றேன்.

அவன் திரும்பினான். இத்தனை நாளும் ஊர் என்னைக் கேட்டது, டொக்டரைக் கேட்டது, மேலிடத்துக்கு எழுதிக் கேட்கப் பார்த்தது. அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவன் கேட்டான்.

"எடுத்தாச்சோடி?"

றீற்றா ஒருக்கால் கடலைப் பார்த்தாள், ஒருக்கால் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"இல்லை. எடுக்கேல்லை. எடுக்கவும் விடமாட்டன். மிஸ்ஸி கேளாமல் வைக்கேல்லை. நான்தான் போய்க் கேட்டு வைப்பிச்சனான்."

"அப்ப ஏன் பொய் சொன்னனி?"

"உண்மையைச் சொன்னால் விட்டிருப்பியளோ? பொடியன் வேணுமெண்டால் நான் செத்தாப் பிறகு வேற ஒருத்தியிலை பெறுங்கோ. என்ர ரெண்டு பிள்ளையளுக்கும் தாய் நான் ஒருத்திதான்."

மாமியார் வாயில் கை வைத்தார். அவனுக்கு முகம் சிவந்து கை ஓங்கப் போனது, ஆனால் பாதி ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை இடம் பார்த்துத்தான் சொன்னாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வள்ளத்தில் இயந்திரம் தொடங்கிவிட்டது. ஏறாமல் இருக்க முடியாது, அன்றைக்கு அதற்குப் பிறகு வள்ளமில்லை. ஏறினேன். கரை மறையும்வரை அவளைப் பார்த்துக்கொண்டே போனேன். அவ்வளவு பயம் எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை.

அவன் அடிக்கவில்லை. கதைக்கவும் இல்லை. கொஞ்சக் காலம் கடற்கரை வாடிக் குடிசையிலேயே படுத்தெழும்பினான். பிறகு ஒருநாள், நான் எதிர்பாராத நேரத்தில், ஊர்காவற்றுறைக் கிளினிக் வாசலில் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "அவளின்ர இருதயத்தை எடுத்த படத்தை எனக்குக் காட்டச் சொல்லுங்கோ" என்றான். "உங்களை நம்பி வரேல்லை. பாக்க வந்தனான்."

"அதுதான் நல்லது" என்றேன். "நம்பாதேங்கோ. பாருங்கோ." டொக்டர் கடிதம் கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் குச்சியை எடுக்கச் சொல்லிப் பிறகு ஒருநாளும் வரவில்லை. ஐந்து வருடம் முடிந்தபோது பழையதை எடுத்துப் புதியது வைக்க றீற்றா வந்தாள். அவனும் கூட வந்து, வெளியில் கிடந்த வாங்குப் பலகையில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தான்.

பிள்ளைகளே, நீங்கள் யாருக்காகப் பாடுபடுகிறீர்களோ அவளே ஒருநாள் உங்கள் தலையில் பழியைப் போடுவாள். அப்போது, இவள் ஏன் இதைச் சொன்னாள், சொல்லாவிட்டால் இவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று முதலில் சந்தேகியுங்கள். உங்கள் பெயரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். அன்றைக்கு இறங்குதுறையில் பாதி ஊருக்கு முன்னால் றீற்றா தன் வாயாலேயே சொன்னபடியால்தான் நான் இன்றைக்கு இதை உங்களுக்குச் சொல்கிறேன். அவள் சொல்லாமல் விட்டிருந்தால், கேளாமல் குச்சி வைத்தவள் என்ற பெயரோடு நான் ஓய்வுபெற்றிருப்பேன், நீங்களும் என்னை அப்படித்தான் அறிந்திருப்பீர்கள்.